பழைய துவக்கா, புதிய துவக்கா

இன்று காலை குப்பைப் பையோடு கீழே இறங்கியபோது, எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கிற மனிதர் நிலவறைக் கதவின் பிணைச்சலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். வேட்டைத் துவக்குக்குப் பூசுகிற அதே துப்பாக்கி எண்ணெய். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும், நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஆனால் எரிச்சல்தான் வந்தது. "அந்த எட்டுப் பட்டைத் துவக்குக் குழலைப் போல ஒரு குழல் இனி ஆராலும் செய்ய ஏலாது" என்று நீ சொல்வது காதுக்குள் கேட்டது. "செய்யலாம், செய்யிறாங்கள்" என்று நான் வாய்விட்டே பதில் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு உன் மனைவி பரிஸிலிருந்து என்னிடம் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டா. எழுதிக் கொடுத்தேன். 'இனிய சுபாவம் கொண்டவர், எவரோடும் முரண்படாதவர்' என்று. மலர் அச்சாகி வந்தது. உன் படத்துக்குப் பக்கத்தில் அந்த வரியைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. நீ முரண்படாத நாள் எது? ஒரு துவக்கையும் ஒருநாளும் சுட்டுப் பார்க்காத நீ, அதே மாதிரி ஒருநாளும் சுடாத என்னோடு, எந்தத் துவக்கு நல்லது என்று வாழ்நாளெல்லாம் வழக்காடினாய். மலரில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். பதில் சொல்ல உனக்கு வழியில்லை என்பதால் இந்த ஒரு முறையாவது நான் நினைத்ததை முழுதாகச் சொல்லி முடிப்பேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு, ஜெர்மனியில் பீலெஃபெல்டுக்கு வெளியே, காட்டோரக் கிராமத்தில் ஒரு பழைய சத்திரத்தை அகதிகளுக்கான விடுதி, அவர்கள் சொல்லில் ஹைம், ஆக்கியிருந்தார்கள். அதில் உனக்கும் எனக்கும் ஒரே அறை. நீ உப்புப் போத்தலைத் திறந்தால் திறந்தபடி வைப்பாய். பற்பசையின் மூடி எப்போதும் தரையில் கிடக்கும். சோப்பு எங்கே, சீப்பு எங்கே என்று உனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. நான் உன் பின்னால் மூடி மூடியே களைத்தேன். "நீ என்னடா, கலியாணம் கட்டின பொம்பிளை மாதிரி" என்று சிரிப்பாய். வேலை செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை, மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. காலையில் எழும்பிக் கடிதம் வந்ததா என்று பார்ப்பதைத் தவிர வேறு அலுவல் கிடையாது.

பக்கத்து வீட்டு முதியவர் விறகு பிளப்பதை ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்தோம். நீ கேட்காமலே போய் அவர் கையிலிருந்து கோடரியை வாங்கினாய். அப்படித்தான் அவர் வீட்டுப் பட்டறைக்குள் நுழைந்தோம். விறகு அடுக்குவோம், பட்டறையைக் கூட்டுவோம். அவர் உருளைக்கிழங்கும் சுடச்சுடச் சூப்பும் தருவார். அவரை நாங்கள் பெரியவர் என்றே எங்களுக்குள் அழைத்தோம். பெரியவருக்கு வேட்டை என்றால் உயிர். அவருடைய மருமகனும் வேட்டைக்காரன், மகளோடு பக்கத்துக் கிராமத்தில் இருந்தவன். இரண்டு பேரிடமும் ஒரே வகைத் துவக்கு. விசைக்குக் கீழே ஒரு வளையப் பிடி இருக்கும். அதை முன்னுக்குத் தள்ளிப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுக் கோது வெளியே விழுந்து அடுத்த தோட்டா ஏறும். தோட்டா என் பெருவிரல் தடிப்பு. புதருக்குள்ளிருந்து இருபது அடியில் பாய்கிற காட்டுப்பன்றியை நிறுத்த அந்தத் தடிப்பு வேண்டும் என்பார் பெரியவர்.

வகை ஒன்று, வயது வேறு. பெரியவருடையது அவருடைய சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது, முதலாம் உலகப் போருக்கும் முந்தியது. எட்டுப் பட்டைக் குழல். தோளில் வைக்கிற இடத்தில் பிறை வடிவ இரும்பு. குறிபார்க்க முன்னும் பின்னும் இரண்டு இரும்புத் துண்டு, அவ்வளவுதான். பூட்டுப் பொத்தான் கிடையாது. சுத்தியலைப் பாதியில் நிறுத்தி வைப்பதுதான் பாதுகாப்பு. கோது மேலாலே துள்ளி விழும், அதனால் மேலே டெலஸ்கோப் பூட்ட முடியாது. மருமகனுடையது இரண்டு வருடம் முந்தி வாங்கியது. உருண்டைக் குழல், பாரம் குறைவு, தோளுக்கு றப்பர் மெத்தை. கோது பக்கவாட்டில் போகும், மேலே டெலஸ்கோப் இருக்கும். குறுக்கே அழுத்துகிற ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி வைத்தால் சுத்தியல் விழுந்தாலும் வெடிக்காது.

நீ பழசின் பக்கம். ஏன் என்று கேட்டால் உன்னிடம் மணிக்கணக்கான விளக்கம் இருந்தது. பெரியவர் சமையல் மேசையில் அதைத் துடைக்கும்போது பிடியை ஒருமுறை தள்ளிக் காட்டுவார். அது வெண்ணெய்க்குள் போகிற மாதிரிப் போகும். "புதுசு கறகறக்குது, கேட்டனியோ? மெசினிலை வெட்டி அப்பிடியே விட்டிருக்கிறாங்கள். இது ஒருத்தன் கையாலை தேய்ச்சது" என்பாய். அந்த எட்டுப் பட்டைப் பாரத்தால்தான் சுடும்போது குழல் எழும்பாது என்பாய். பொத்தானைக் கண்டாலே உனக்குப் பிடிக்காது. "பொத்தான் இருந்தால் மனிசன் அதை நம்புவான், தன்னை நம்பமாட்டான்" என்றாய். இதைச் சொன்னது உப்புப் போத்தலை மூடத் தெரியாத நீ.

நான் புதுசின் பக்கம். பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது, கண் மங்கல், இரும்புத் துண்டு இரண்டும் அவருக்குப் புகையாகத் தெரியும். டெலஸ்கோப் இருந்தால் பன்றியா, பன்றிக்குப் பின்னால் நிற்கிற ஆளா என்று தெரியும். குளிரில் விறைத்த பெருவிரலால் பாரமான சுத்தியலைப் பாதிக்கு இறக்கும்போது வழுக்கினால் என்ன ஆகும்? பிறை இரும்பு அவர் தோளில் நீலம் பாயவைத்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் மேலே இரும்பு. புதுசின் இரும்பு கடுமையான வெடிமருந்தைத் தாங்கும். பழசு மெதுவான மருந்துக்குச் செய்தது. "பிழை விட்டாலும் மன்னிக்கிறதுதான் நல்ல சாமான்" என்றேன். "மன்னிக்கிறதுக்குத் துவக்கு என்ன கோயிலோ?" என்றாய். இந்த வழக்கு குளிப்பறை வரிசையிலும் நடந்தது, பஸ் தரிப்பிலும் நடந்தது. பக்கத்து அறைப் பொடியங்கள் எங்களைக் கண்டாலே ஒதுங்கிப் போனார்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில் உன் அகதி விண்ணப்பத்தை மறுத்துக் கடிதம் வந்தது. நீ மேல்முறையீடு செய்தாய், ஆனால் அதில் உனக்கே நம்பிக்கை இல்லை. என் விண்ணப்பத்துக்கு விசாரணைத் தவணை, டெர்மின், கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. அந்த நாட்களில் தமிழ்ப் பொடியன் எவனிடமும் அதிகாரிகள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: ஆயுதம் தொட்டாயா? அதற்கு இல்லை என்று சொல்லி அவர்களை நம்பவைக்க வேண்டும். என் கோப்பில் துவக்கு, தோட்டா என்ற சொல் எந்த வழியால் ஏறினாலும் என் கதை முடிந்தது. உனக்கும் இது தெரியும். நாம் இரண்டு பேரும் பெரியவரின் துவக்கை ஒருநாளும் கையில் எடுக்காமல் தள்ளி நின்றே வழக்காடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

டெர்மினுக்கு முந்தின வியாழக்கிழமை எனக்கு லண்டனிலிருந்து மிளகாய்த்தூள் வந்தது. ஊரில் வறுத்து இடித்த தூள், பொலித்தீன் பையில். நல்ல இறுக்கமான மூடியுள்ள தகரப் பெட்டி ஒன்று இல்லாவிட்டால் இந்த ஊர் ஈரத்துக்கு இரண்டு கிழமையில் கட்டிபட்டுவிடும். பட்டறையைக் கூட்டும்போது சுவர்த் தட்டில் இரண்டு பழைய புகையிலைத் தகரப் பெட்டிகளைக் கண்டேன். இரண்டிலும் தோட்டா, இரண்டும் அரைவாசிதான். பூட்டி வைத்திருக்க வேண்டிய சாமான், பெரியவர் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் அரைவாசிப் பெட்டி இரண்டு இருந்தால் என்ன செய்வோம்? சீனியோ பருப்போ, ஒன்றில் கொட்டி மற்றதைக் கழுவி எடுப்போம். தோட்டாக்கள் பார்வைக்கு ஒரே மாதிரி, ஒரே தடிப்பு, ஒரே ஈய மூக்கு. ஒன்றாகக் கொட்டினேன். வெறும் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த சிவப்பு நாடாவை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பெரியவரிடம் ஒரு பெட்டி எடுக்கவா என்று கேட்டபோது நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடு என்றார். நீ அப்போது வெளியே விறகடியில் நின்று பாடிக்கொண்டிருந்தாய்.

சனிக்கிழமை பெரிய வேட்டை. காட்டைக் கலைக்க ஆட்கள் வேண்டும் என்று எங்களையும் பெரியவர் கூட்டிப்போனார். தடியால் மரத்தில் தட்டிச் சத்தமிட்டு வரிசையாக நடந்து, வேட்டைக்காரர் நிற்கிற பக்கம் பன்றிகளைத் துரத்துகிற வேலை. பெரியவர் தன் பெட்டியிலிருந்து ஒரு பிடி தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் இடத்துக்கு முதலே போய்விட்டார். பிறகு மருமகன் வந்து எங்களிடம் கேட்டான், "பட்டறையில் விட்டுப்போன, சிவப்பு நாடா ஒட்டின என் பெட்டியைக் கண்டீர்களா?" நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவன், "பரவாயில்லை, காரில் வேறு இருக்கு. மாமா மாறி எடுக்காமல் இருந்தால் சரி. அது நானே கடுமையாக மருந்து அடைத்தது. அவருடைய பழசு அதைத் தாங்காது, முகத்திலேயே வெடிக்கும்" என்று சொல்லிவிட்டு, சிரித்தபடி தன் காரில் ஏறிப் போனான்.

உன் கையைப் பிடித்து, "டேய், நான் ரெண்டையும் ஒண்டாக் கொட்டிப்போட்டன்" என்றேன். நீ விளங்காமல் பார்த்தாய். "எந்த ரெண்டை?" "பெட்டியை. மிளகாய்த்தூளுக்கு." அதற்குள் கொம்பு ஊதிவிட்டார்கள். கொம்பு ஊதினால் வரிசைக்கு முன்னால் எவனும் போகக்கூடாது, முன்னால் இருப்பதெல்லாம் குறி. வரிசையின் தலைமையாள் பத்தடி தள்ளி நின்றார். அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பெரியவரின் முகம் அல்ல, திங்கட்கிழமை. வாய் மூடிக்கொண்டது.

நீ ஓடினாய். தடியை எறிந்துவிட்டு, முள்ளுக்குள்ளால், தோட்டா பறக்கிற பக்கம் நேராக ஓடினாய். "நிக்ஸ் ஷீசன், நிக்ஸ் ஷீசன்" என்று, சுடாதே சுடாதே என்று, உன் ஓட்டை ஜெர்மனில் கத்திக்கொண்டு. எல்லோரும் உனக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். நீ எழுப்பிய சத்தத்தில் ஒரு பன்றி உனக்கு முன்னால் கிளம்பி நேரே பெரியவரிடம் போனது. அவர் சுத்தியலை முழுதாக இழுத்துக் குறி வைத்துவிட்டார். பன்றிக்குப் பின்னால் மனிதக் குரல் கேட்டதால் மட்டும் சுடவில்லை. நீ போய்ச் சேர்ந்து துவக்கைக் காட்டிக் கையை ஏந்தியதும் பிடியைத் தள்ளித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக உன் உள்ளங்கையில் விழுத்தினார். மருமகன் ஓடிவந்து கண்ணாடி போட்டுப் பார்த்தான். அவன் அடைத்ததற்கு அடியில் சின்னக் கீறல் போட்டிருப்பான். முதலில் விழுந்த தோட்டாவில் அந்தக் கீறல் இருந்தது.

நான் மூச்சிரைத்து வந்து சேர்ந்தபோது எல்லோரும் கூடிவிட்டார்கள். யார் கலந்தது என்று மருமகன் கத்தினான். நான் முன்னுக்கு ஒரு அடி வைத்தேன். வைத்தேன் என்றுதான் நினைவு, இப்போது அதிலும் நிச்சயமில்லை. நீ என் பக்கம் திரும்பாமலே தமிழில், "வாயைப் பொத்திக்கொண்டு நில். எனக்கு ஏற்கெனவே இல்லையெண்டு எழுதியாச்சு. உனக்குத் திங்கட்கிழமை இருக்கு" என்றாய். பிறகு ஜெர்மனில், "நான். பெட்டி வேணும், நான் கலந்தது" என்றாய். அவர்கள் பொலிஸுக்கு அறிவிக்க உன் பெயரை எழுதினார்கள்.

திங்கட்கிழமை நான் போனேன். ஆயுதம் தொட்டாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன், நம்பினார்கள். அந்தக் கிழமை முடிய முன்னரே பொலிஸ் ஹைமுக்கு வந்து உன்னைக் கேள்வி கேட்டது. தை மாதத்தில் உன் மேல்முறையீடும் சரிவரவில்லை. நீ சாக்குப் பையோடு பரிஸுக்குப் போய், எட்டு வருடம் வதிவிடப் பத்திரம் இல்லாமல் ஒரு உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவினாய். உன் அம்மா செத்தபோது உன்னால் ஊருக்குப் போக முடியவில்லை. எனக்கு வசந்தத்தில் அகதியாக ஏற்றுக்கொண்ட கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை வைத்துத்தான் மனைவியைக் கூப்பிட்டேன். எசன் நகரில் வேலை, வீடு, இரண்டு பெண் பிள்ளைகள், எல்லாம் அந்தத் தாளிலிருந்து வந்தவை.

எண்பத்தொன்பதில் நான் பெரியவரிடம் போனேன். இனிமேல் சொன்னால் எனக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் போனேன், அதையும் எழுதிவிடுகிறேன். கலந்தது நான்தான் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும். உன் நண்பன் என் பட்டறையில் ஒன்றரை வருடம் இருந்தான், ஒரு மூடியைக்கூட மூடியதில்லை. அவனா இரண்டு பெட்டியை ஒன்றாக்கி ஒழுங்கு பண்ணுவான்?" என்றார். அப்படியானால் ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "என் முகத்தைக் காப்பாற்றியவன் அத்தனை பேர் முன்னால் ஒன்றைச் சொல்கிறான். அவனை நான் பொய்யன் என்று சொல்வதா? பெட்டியைப் பூட்டி வைக்காத நான்?" என்றார். பிறகு மேசையிலிருந்த கேக்கில் பாதியைப் பொதி பண்ணித் தந்தார்.

அன்றைக்கே உனக்குத் தொலைபேசி எடுத்தேன். "நான் பெரியவரிட்டை எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்" என்றேன். நீ, "அந்தாள் அந்தத் துவக்கை இன்னும் வைச்சிருக்கிறாரோ? வித்துப்போட்டாரோ?" என்றாய். வைத்திருக்கிறார் என்றேன். "பாத்தியோ? உன்ரை புதுசை ஆராவது இப்பிடி வைச்சிருப்பாங்களோ?" தொடங்கிவிட்டாய். அன்றைக்குப் பெரியவரின் கையில் புதுசு இருந்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது, ஆகவே வழக்கில் வென்றது நான் என்றேன். பழசில் பிழையே இல்லை, பிழை புதுசுக்கு அடைத்த தோட்டாவில், ஆகவே வென்றது நீ என்றாய். எனக்கு வந்த கோபத்தில் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னோடு முக்கால் மணித்தியாலம் சண்டை பிடித்தேன். அதற்குப் பிறகும் அப்படித்தான். உன் கலியாணத்தில் தொடங்கினேன், நீ சுத்தியலைப் பற்றிக் கதைத்தாய். உன் மகன் பிறந்தபோது தொடங்கினேன், டெலஸ்கோப்பைப் பற்றிக் கதைத்தாய். கடைசியாக ஆஸ்பத்திரியில், குரலே இல்லாத குரலில், "எட்டுப் பட்டை" என்று சொல்லிவிட்டு இருமினாய். உன்னைப் போல எரிச்சலூட்டுகிற மனிதனை நான் கண்டதில்லை.

போன ஞாயிறு மூத்தவள் வந்திருந்தாள். பிள்ளைகளுக்கு நீ துவக்குக் கதை கதைக்கிற பரிஸ் மாமா, அவ்வளவுதான். அவளை இருத்தி இதையெல்லாம் சொன்னேன். நீ இல்லாவிட்டால் அவள் இந்த நாட்டில் பிறந்திருக்கமாட்டாள் என்றும் சொன்னேன். அவள், "அப்பா, ஏன் நீங்கள் மாமாட்டை ஒருநாளும் நன்றி சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

"சொல்ல விடமாட்டானம்மா. ஒவ்வொரு முறையும் கதையை மாத்திப்போடுவான்."

"முப்பது வருசத்துக்கு மேலையோ?"

தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன். நீ கதையை மாற்றியது உண்மை. நீ மாற்றுவாய் என்று நன்றாகத் தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் நான் தொடங்கினேன் என்பதும் உண்மை. உன் சனிக்கிழமை இல்லாவிட்டால் என் திங்கட்கிழமை இல்லை. சொல்லிவிட்டேன். இன்றைக்குக் கதையை மாற்ற நீ இல்லை.